ஒன்பது அனுப்பினால் விலகலாம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளலாம். அதனால் அந்த ஆய்வின் எண்ணிக்கையில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆள் செத்தும் குறையாத எண்ணிக்கை அது.

நள்ளிரவு இல்லை. பாழடைந்த பங்களா இல்லை. எந்த நாயும் ஊளையிடவில்லை. மாலை ஆறு மணி, ட்யூப்லைட் வெளிச்சம், மேசைமேல் பாதி குடித்து ஆறிப்போன டீ. வந்தது எதுவோ, அதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நடந்தது மெசேஜக்காவுக்கு. நாற்பதைத் தாண்டியவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், மருந்து ஆய்வு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. இதய நோயாளிகள் இருநூறு பேருக்குப் புதிய மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினம் மாலை ஒன்று, இரண்டு வருடத்துக்கு. அந்த இருநூறு பேரின் போனுக்கும் செய்தி போகும். மாத்திரை போட்டேன் என்று அவர்கள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களை விரட்டிப் பிடிப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் மருந்துகூடச் சொன்னபடி கேட்கும், மனிதர்கள் கேட்க மாட்டார்கள். முதல் மாதம் புது மாப்பிள்ளை மாதிரி உற்சாகமாக வருவார்கள். இரண்டாம் மாதம் கடனே என்று வருவார்கள். மூன்றாம் மாதம் போன் அணைந்து கிடக்கும். பாதிப் பேர் ஓடிப்போனபின் மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு, மருந்து வேலை செய்கிறது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. தலைமை மருத்துவரின் முந்தைய ஆய்வு அப்படித்தான் மண்ணைக் கவ்வியது.

அதிலிருந்து அவருக்கு ஒரே வெறி. எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை சதவீதம். டீ கொண்டுவருபவரிடம்கூட "சர்க்கரை நாற்பது சதவீதம் போதும்" என்பார். அலுவலகத்தில் அவர் பெயரே சதவீதம் ஆகிவிட்டது. அவர் படியேறும் சத்தம் கேட்டால் "சதவீதம் வருது" என்று சொல்லி எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

செய்தி அனுப்பும் திட்டம் அவருடையது. அதற்கு 'அக்கறைப் படிக்கட்டு' என்று பெயரும் வைத்து, கருத்தரங்குக்குக் கருத்தரங்கு கண்கலங்கப் பேசினார். முதல் படி, செய்தி. பதில் இல்லையா, மறுநாள் நினைவூட்டல். அதற்கும் இல்லையா, மூன்றாம் நாள் போன். நான்காம் நாள், வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவது. ஆளே அகப்படவில்லை என்றால், அவர் கொடுத்த மாற்றுத் தொடர்பு யாரோ, மகனோ மகளோ, அவர்மேல் இதே நான்கு படியும் ஏறும்.

செய்தியின் வாசகத்தை முடிவு செய்ய மூன்று கூட்டம் நடந்தது. "வணக்கம். இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டீர்களா? ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2. ஆய்விலிருந்து விலக விரும்பினால் 9. நீங்கள் எங்களுக்கு முக்கியம்." இதில் முக்கியமா, மிக முக்கியமா என்பதற்கே ஒரு முழுக் கூட்டம் போயிற்று. இடம் போதாமல் 'மிக' அடிபட்டது. அந்த ஒன்பது மட்டும் சதவீதத்தின் யோசனை இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை பங்கேற்பவருக்கு உண்டு, அதைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும் என்று மேலிடத்து நெறிமுறைக் குழு அடம்பிடித்துப் போட வைத்தது. சாப்பாட்டில் கிடக்கும் முடியைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார்.

இனி லிஃப்ட்காரர்.

ஏதோ ஒரு பழைய வணிகக் கட்டடத்தில் முப்பது வருடம் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். இரும்புக் கிராதியை இழுத்து மூடும் அந்தக் காலத்து லிஃப்ட். அதைத் தளத்தோடு தளம் மயிரிழை பிசகாமல் நிறுத்துவது ஒரு வித்தை என்பார். அப்படியே நிறுத்திவிட்டும், ஒவ்வொருவரிடமும் "காலைப் பார்த்து வைங்க" என்று சொல்லுவாராம். ஓய்வுக்குப் பிறகும் அந்த வாய் நிற்கவில்லை. எந்த வாசலைக் கண்டாலும் சொல்லுவார்.

ஆய்வில் சேர வந்த அன்று மெசேஜக்காதான் அவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"வீட்ல வேற யாரு இருக்காங்க ஐயா?"

"ஒரு ஃபேன் இருக்கு. அதுவும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"சொந்தக்காரங்க? போன் நம்பர் ஒண்ணு வேணும்."

"முப்பது வருஷம் ஊரையே மேல ஏத்தி விட்டேம்மா. ஏறிப் போனவன் எவன் திரும்பிப் பாத்தான்?"

மாற்றுத் தொடர்பு இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கட்டம் சிவப்பாகிக் கத்தும். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் தன் சொந்த நம்பரைப் போட்டாள். உறவு என்ன என்று கேட்டது. பட்டியலில் முதலில் இருந்தது 'மகள்'. அதைத் தட்டினாள். சிவப்பு பச்சையானது.

எட்டிப் பார்த்த லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். "பரவால்லையே! பெத்துக்காமலே ஒரு பொண்ணு. அப்ப பேரப்பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு ஐயா. பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா."

"பேத்தியா? சரி சரி. ஒரு நாள் வந்து பாக்கறேன்."

பேச்சுக்குச் சொல்வதுதான். அவளும் சிரித்தாள்.

லிஃப்ட்காரரைப் போல ஒரு பங்கேற்பாளர் கிடையாது. மாலை ஆறு மணிக்குச் செய்தி போகும். ஆறு ஒன்றுக்குள் திரையில் அவர் பெயருக்கு நேராக 1 விழும். மழை, காய்ச்சல், ஞாயிறு, எதுவும் தடையில்லை. சதவீதம் தன் கருத்தரங்குப் படங்களில் அவருடைய முகத்தையே போட்டுவிட்டார். "மனிதத் தொடர்பின் வெற்றி" என்று கீழே எழுதினார்.

ஐந்தாவது மாதப் பரிசோதனைக்கு லிஃப்ட்காரர் வந்தபோது சற்று மெலிந்திருந்தார்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"மாத்திரை போட்டா கொஞ்ச நேரத்துல நெஞ்சுக்குள்ள கேபிள் அறுந்த லிஃப்ட் மாதிரி விழுதும்மா. விழுந்துட்டே போகுது. அப்புறம் எதுலயோ மாட்டி நிக்குது. அதான் மெசேஜ்லயே சொல்லிட்டேனே, பாக்கலியா?"

அவள் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை 1, 1, 1.

"பாத்தேனே. ஒரு நாள் விடாம அனுப்பியிருக்கீங்க. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு இங்க வேலையே இருக்காது."

அவர் புருவத்தைச் சுருக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சதவீதம் உள்ளே வந்து, "நம்ம ஹீரோ!" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நெஞ்சு விஷயத்தை மெசேஜக்கா சொன்னபோது, "எந்த மருந்துலயும் பத்து சதவீதம் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். சொல்லிவிட்டுப் போட்டோ எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தார்.

லிஃப்ட்காரர் வாசலில் ஒரு கணம் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். "காலைப் பார்த்து வைங்கம்மா" என்றார். போய்விட்டார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத் திரையில் அவருடைய 1 வருவது நின்றது. நினைவூட்டல் போயிற்று. போன் போயிற்று. நான்காம் நாள் படிக்கட்டின் கடைசிப் படியாக மெசேஜக்காவே அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழ்போடவில்லை. கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய நீலச் சீருடை, பித்தளைப் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. ஷூ நாடா கட்டியிருந்தது. மடியில் ஒரு பை. அதில் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகள் முழுவதும். கையில் போன். எங்கேயோ கிளம்பியவர், மூச்சு வாங்க ஒரு நிமிடம் உட்கார்ந்தாற்போல இருந்தது.

காகிதப்படி அவள்தானே மகள். அடக்கத்துக்கு அவள்தான் நின்றாள். அந்தப் பையையும் போனையும் அவளிடம்தான் கொடுத்தார்கள். அலுவலக இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த வாரம், ஆய்வுக்குப் பணம் போடும் கம்பெனியிலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருவதாக இருந்தது. லிஃப்ட்காரரின் நிலையைக் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும். அதில் மூன்றே நிலைகள்: தொடர்கிறார், விலகினார், இறந்தார். அவள் சதவீதத்திடம் கேட்டாள்.

"இறந்தார்னு போட்டா விசாரணை வரும். ஆய்வையே நிறுத்தி வெப்பாங்க" என்றார். "விலகினார்னு போட்டா நூறு சதவீதம் போச்சு. அவங்க வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் அவர் தொடர்றார்."

"சார், அவரை அடக்கம் பண்ணியாச்சு."

"அது அவர் சொந்த விஷயம்மா. ஆய்வுல அவர் தொடர்றார்." பிறகு குரலைத் தணித்தார். "நீயா எதையாவது மாத்தினா யாரு மாத்தினதுன்னு அதுல தெரியும். உன் ஒப்பந்தம் இந்த மாசம் என் மேசைக்கு வருது. ஞாபகம் வெச்சுக்கோ."

மகளின் படிப்பு அந்த ஒப்பந்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெசேஜக்கா தன் மேசைக்குத் திரும்பி வந்தாள்.

அன்று மாலை ஆறு மணி. இருநூறு பேருக்கும் செய்தி போனது.

டிங்.

அலமாரிக்குள்ளிருந்து.

அவள் நிமிர்ந்தாள். ஆறு ஒன்று. திரையில் லிஃப்ட்காரரின் பெயருக்கு நேராக... 1.

அலமாரியைத் திறந்தாள். போன் இருட்டாகக் கிடந்தது. பொத்தானை அழுத்தினாள். உயிரில்லை. பின்மூடியைக் கழற்றினாள். பேட்டரி ஊதிப் பிதுங்கியிருந்தது. எப்போதோ செத்துப்போன பேட்டரி.

செய்தி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தலை நரைத்த மனிதர், எதற்கும் அசராதவர்.

"எங்கயாவது பழைய பதில் தங்கியிருக்கும் மேடம். லேட்டா வந்து விழுது."

"போன் சத்தம் கேட்டுச்சே?"

"உங்க போனாயிருக்கும். இந்தக் காலத்துல எந்த சத்தம் எதுலேர்ந்து வருதுன்னு யாருக்குத் தெரியுது?"

அவர் சொன்னது பாதி சரிதான். மறுநாள் மாலை சத்தம் அவளுடைய போனிலிருந்தே வந்தது.

லிஃப்ட்காரரின் நம்பர். ஒரு செய்தி.

"வணக்கம். உங்கள் பதில் வரவில்லை. நீங்கள் எங்களுக்கு முக்கியம்."

தன் அலுவலகத்தின் வாசகம் தனக்கே வந்திருக்கிறது. அமைப்பில் ஏதோ குழப்பம், மாற்றுத் தொடர்புக்குப் போக வேண்டியது இப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நம்பர் எப்படி வந்தது என்பதை நினைக்காமல் இருக்க முயன்றாள். வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். மகளோடு சண்டை போட்டாள். தூங்கினாள்.

அதற்கு அடுத்த நாள் ஆறு மணி.

"நினைவூட்டல். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம். நீங்கள் எங்களுக்கு முக்கியம்."

என்ன பதில்? எந்தக் கேள்விக்கு? '1' என்று அனுப்பினாள். உடனே திரும்பி வந்தது: "உங்கள் பதில் பெறப்படவில்லை."

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு போன் அடித்தது. அதே நம்பர். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரும்பு இரும்போடு உரசும் நீளமான சத்தம்.

கிரீ...ச்.

டக்.

கிராதி மூடும் சத்தம். பிறகு ஏதோ ஒன்று, பாரமான ஒன்று, மெல்ல மேலே ஏறும் முனகல்.

"ஐயா?" என்றாள். தன்னையறியாமல் வந்துவிட்டது.

"காலைப் பார்த்து வைங்கம்மா."

கைப்பேசி மேசையில் விழுந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. செய்தி. நினைவூட்டல். போன். மாதக்கணக்கில் அவள் ஊரார்மேல் ஏற்றிய படிக்கட்டு. இப்போது அவள்மேல் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு என்ன என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாளை மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டில் மகள் மட்டும்தான் இருப்பாள்.

சதவீதத்தின் அறைக்கு ஓடினாள். அவர் மறுநாள் சோதனைக்குப் பேச வேண்டியதைக் கண்ணாடிமுன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அவரை விட்டுருங்க சார். நிலையை மாத்திருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"யாரை?"

"லிஃப்ட்காரரை. எனக்கு போன் பண்றார்."

சதவீதம் அவளைக் கனிவோடு பார்த்தார். கருத்தரங்கில் பார்க்கும் அதே கனிவு. "உனக்கு ஓய்வு வேணும். நாளைக்கு ஒரு நாள் சமாளி. அப்புறம் லீவு எடுத்துக்கோ."

"நாளைக்குத்தான் சார் வீட்டுக்கு வருவார்!"

"வந்தா நல்லதுதானே?" என்று சிரித்தார். "சோதனைக்கு வர்றவங்களுக்கும் ஒரு தடவ காட்டிடலாம்."

மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். கோட்டு போட்ட நால்வர். கோப்பு கோப்பாகப் பார்த்தார்கள். ஐந்து மணிக்கு முடிந்திருக்க வேண்டியது. சதவீதம் படிக்கட்டின் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தார். ஐந்தரை. ஐந்தே முக்கால். மெசேஜக்கா எழுந்து போக நினைத்தபோதெல்லாம் அவர் கண்ணாலேயே உட்கார வைத்தார்.

மேசைக்கடியில் மகளுக்கு போன் போட்டாள்.

"யாரு வந்தாலும் கதவைத் திறக்காதே."

"ஏன்மா?"

"சொன்னா கேளு."

"சரி சரி... இரும்மா. பெல் அடிக்குது."

"திறக்காதே!"

"சங்கிலி போட்டுத்தான் பாக்கறேன்... யாரோ தாத்தாம்மா. நீலச் சட்டை. உன்னைத்தான் கேக்கறார்."

போன் அறுந்தது.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கோட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கூப்பிட்டார்கள். அவள் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அன்று அது இரண்டு ஊராக நீண்டது.

அவள் வீடு ஐந்தாவது மாடி. கீழே லிஃப்ட் திறந்தபடி நின்றது. தானியங்கிக் கதவுள்ள புது லிஃப்ட். உள்ளே கண்ணாடி, வெள்ளை விளக்கு. பாய்ந்து ஏறி ஐந்தை அழுத்தினாள்.

கதவு மூடியது.

கிரீ...ச். டக்.

அந்த லிஃப்டில் கிராதியே கிடையாது.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது. விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. பழைய இயந்திர எண்ணெயின் வாடை வந்தது.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. பின்கழுத்தில் யாரோ பொறுமையாக நிற்கும் குளிர்.

கையில் போன் அதிர்ந்தது.

"உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்."

ஒரே வழிதான் இருந்தது. போனிலேயே ஆய்வின் பக்கத்தைத் திறந்தாள். அவர் பெயர். நிலை: தொடர்கிறார். வேலை போகட்டும். ஒப்பந்தம் போகட்டும். 'இறந்தார்' என்று மாற்றினாள்.

லிஃப்ட் அசையவில்லை.

"உங்கள் பதில் பெறப்படவில்லை."

"செத்துட்டீங்கய்யா!" என்று அலறினாள். "செத்துட்டீங்கன்னு போட்டுட்டேன்! இன்னும் என்ன வேணும்?"

பின்னால் ஒரு பெருமூச்சு.

லிஃப்ட் ஒரு முழம் கீழே சரிந்தது.

மறுபடி.

நின்றது...

மூன்றில் மிச்சம் ஒன்றுதான். விரல் வழுக்கியது. தட்டினாள்.

விலகினார்.

போன் அதிர்ந்தது.

"நன்றி."

லிஃப்ட் ஏறியது. அவ்வளவு மென்மையாக அது ஒருநாளும் ஏறியதில்லை. ஐந்தாவது மாடியில், தளத்தோடு தளம், மயிரிழை பிசகாமல் நின்றது. கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், காலைப் பார்த்து வைத்து வெளியே வந்தாள்.

மகள் சங்கிலி போட்ட கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. "பேத்தியான்னு கேட்டார்மா. நல்லாப் படின்னார். அம்மா லிஃப்ட்ல வந்துட்டிருக்கா, நான் போய் ஏத்தி விடறேன்னு சொல்லிட்டுப் போனார். யாரும்மா அவர்? பட்டன் எல்லாம் பளபளன்னு..."

மெசேஜக்கா மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ராஜினாமாவையும் ஒரு செய்தியாகவே அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, அவள் மேசையில் விட்டுவந்த சாமான்களைக் கொடுக்கக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். அசராத மனிதரின் முகம் அசந்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அன்னைக்கு ராத்திரியே சார் அவரை மறுபடி 'தொடர்கிறார்'னு மாத்திட்டார் மேடம். கம்பெனிக்காரங்க பாராட்டிட்டுப் போயிட்டாங்க. பரிசு வேற வருதாம்."

"என் நம்பர் இன்னும் அதுல இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீங்க வேலைய விட்டதும் எடுத்தாச்சு. கட்டம் சிவப்பாயிடுச்சு. சார் அவசரத்துல அவர் நம்பரையே போட்டுக்கிட்டார். உறவு மகன்னு." அவருக்குச் சிரிக்க வரவில்லை. "நான் அதுக்கு வரலை மேடம். லிஃப்ட்காரர் பதிலெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு தேடினேன். அமைப்பு பதிவு பண்றதுக்கு முன்னாடி வந்த அசல் பதிலைப் பாத்தேன். அந்த ஒண்ணு எதுவும்... ஒண்ணு இல்ல."

"புரியல."

"முதல் மாசம்தான் ஒண்ணு அனுப்பியிருக்கார். அப்புறம் தினமும் ஒன்பது. தினமும். விலகணும் விலகணும்னு. ஒன்பது வந்தா ஒண்ணுன்னு பதிஞ்சுக்கன்னு சார் ஆரம்பத்துலயே எழுதச் சொல்லிட்டார். வயசானவங்க விரல் தடுமாறி அழுத்திடுவாங்களாம். நானும் எழுதிட்டேன். ஒண்ணு இந்த மூலையில இருக்கு, ஒன்பது அந்த மூலையில இருக்கு. எந்த விரல் மேடம் அவ்வளவு தூரம் தடுமாறும்?"

அதான் மெசேஜ்லயே சொல்லிட்டேனே, பாக்கலியா?

அவளுக்குக் கதவருகே நாற்காலி தெரிந்தது. போட்ட பொத்தான்கள். கட்டிய ஷூ. மடியில் மிச்ச மாத்திரைகள் அத்தனையும். செய்தியில் சொல்லிப் பயனில்லை என்று நேரில் வந்து திருப்பிக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார்.

அப்போது அவள் போன் அடித்தது. சதவீதம். மணி சரியாக ஆறு. கம்ப்யூட்டர்காரர் காதுக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்னம்மா... உனக்கு... அந்த மெசேஜ் நின்னுச்சா?" குரலில் கருத்தரங்கு இல்லை. காற்று மட்டும் இருந்தது.

"நின்னுடுச்சு சார்."

"எப்படி நிறுத்தின?"

"விலகினார்னு போட்டேன். நீங்களும் போடுங்க சார். இப்பவே போடுங்க."

"கம்ப்யூட்டரைத் தொட முடியல... கை வரமாட்டேங்குது. போன் மட்டும்தான் இருக்கு. அதுல ஒன்பது அனுப்பறேன். அனுப்பிட்டே இருக்கேன். 'ஆம் எனப் பதிவு செய்தோம்'னு வருது... ஒன்பது அனுப்பினா, ஆம்னு வருது..."

"சார், எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்... கதவுகிட்ட உக்காந்திருக்கேன்..."

கிரீ...ச்.

டக்.

"அது என்ன சத்தம் சார்?"

பாரமான ஏதோ ஒன்று கீழே இறங்கும் முனகல். நீளமாக. முடியாமல்.

பிறகு வேறொரு குரல், வெகு மரியாதையாக.

"காலைப் பார்த்து வைங்க சார்."

கம்ப்யூட்டர்காரர்தான் ஓடிப்போய்ப் பார்த்தவர். சதவீதத்தின் வீடு தரைத்தளம். மாடியும் இல்லை, லிஃப்டும் இல்லை. கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஷூ போட்டுக்கொண்டு, கையில் போனோடு. உடல் விறைத்திருந்தது. பார்த்த மருத்துவர், உயிர் போனது அன்று மதியத்துக்கு முன்பே என்று எழுதினார்.

போன் வந்தது ஆறு மணிக்கு. கேட்டவர்கள் இரண்டு பேர்.

லிஃப்ட்காரரைக் கம்ப்யூட்டர்காரர் அன்றே விலக்கிவிட்டார். எண்ணிக்கை நூற்றுத் தொண்ணூற்றொன்பதாக இறங்கியிருக்க வேண்டும். இருநூறு என்றே காட்டுகிறது. கடைசி வரிசையில், யாரும் சேர்க்காத ஒரு நம்பர் இருக்கிறது. தினமும் ஆறு மணிக்கு அதற்கும் செய்தி போகிறது. ஆறு ஒன்றுக்குள் அதிலிருந்து பதில் வருகிறது.

வருவது ஒன்பதுதான். பதிவாவது, ஆம்.